உஸ்மான் (ரலி): கொடையாளி கலீஃபாவானபோது

ஹஜ்ஜுக்கு வந்திருந்த எகிப்துக்காரர் ஒருவர், கஅபாவின் அருகே சிலர் கூடி அமர்ந்திருப்பதைப் பார்த்தார். இவர்கள் யார் என்று விசாரித்தார். குறைஷியர் என்றார்கள். நடுவில் இருக்கும் பெரியவர்? உமரின் மகன் அப்துல்லாஹ். நேராக அவரிடமே போய் மூன்று கேள்வி கேட்டார். உஹதுப் போரில் உஸ்மான் களத்தை விட்டு ஓடினாரா? ஆமாம். பத்ருப் போருக்கு அவர் வரவில்லையே? ஆமாம், வரவில்லை. ஹுதைபியாவில் தோழர்கள் எல்லாரும் நபிகள் நாயகத்தின் கைபற்றி உறுதிமொழி கொடுத்தபோது அவர் அங்கே இல்லை, சரிதானே? சரிதான். "அல்லாஹு அக்பர்!" என்றார் எகிப்துக்காரர். வந்த வேலை முடிந்துவிட்டது அவருக்கு.

இப்னு உமர் விடவில்லை. இரு, விளக்கத்தையும் கேட்டுவிட்டுப் போ என்று உட்காரவைத்தார். உஹதில் ஓடியவர்களை மன்னித்துவிட்டதாக இறைவனே சொல்லிவிட்டான். பத்ருக்கு உஸ்மான் போகாததற்குக் காரணம், நபிகளின் மகளான அவருடைய மனைவி படுத்த படுக்கையாக இருந்தது. "போரில் கலந்துகொண்டவரின் கூலியும் பங்கும் உமக்கு உண்டு" என்று சொல்லி அவரை வீட்டில் இருக்கவைத்தவர் நபிகளே. ஹுதைபியாவிலோ, மக்காவாசிகளிடம் பேச உஸ்மானைத் தூது அனுப்பியிருந்தார்கள். அவரைவிட மக்காவில் மதிப்புள்ள ஒருவர் இருந்திருந்தால் அவரை அனுப்பியிருப்பார்கள். உறுதிமொழி நடந்தபோது நபிகள் தம் வலக்கையைக் காட்டி, "இது உஸ்மானின் கை" என்று சொல்லி, தம் இன்னொரு கைமேல் வைத்தார்கள். "இப்போது இதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போ" என்று முடித்தார் இப்னு உமர்.

நபிமொழித் தொகுப்பான ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி இது. உஸ்மானைப் பற்றிப் பேச வரும் யாரும் முதலில் படிக்கவேண்டியது இதைத்தான் என்று எனக்குத் தோன்றும். கேட்டவர் எகிப்துக்காரர் என்பதில் விஷயம் இருக்கிறது: உஸ்மானின் வீட்டை முற்றுகையிட்ட கூட்டங்களில் முக்கியமான ஒன்று எகிப்திலிருந்து வந்தது. அடுத்தது, அவருடைய கேள்வி எதுவும் பொய் இல்லை. மூன்றும் நடந்தவைதான். நடந்ததை மட்டும் வரிசையாக அடுக்கி ஒரு மனிதரைக் குற்றவாளி ஆக்கவும் முடியும், அதே நிகழ்ச்சிகளின் பின்னணியைச் சொல்லி அவரை மேன்மைப்படுத்தவும் முடியும். நபிகளுக்குப் பின் சமுதாயத்தை ஆண்ட மூன்றாம் கலீஃபாவான உஸ்மானின் வாழ்க்கை முழுவதும் இப்படித்தான் இரண்டு விதமாக வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது.

உஸ்மான் இப்னு அஃப்பான் குறைஷிக் குலத்தின் உமையாக் கிளையில், 576ஆம் ஆண்டுவாக்கில் பிறந்தவர். நபிகளைவிட ஆறு வயது இளையவர் என்பது மரபுக் கணக்கு. தாய் அர்வா, நபிகளின் அத்தை மகள். தொழில் துணி வியாபாரம், நல்ல வசதி. பிறகு முதல் கலீஃபாவான அபூபக்ர் சொல்லி இஸ்லாத்தை ஏற்ற முதல் சிலரில் ஒருவர். இந்த உமையாக் கிளை விஷயத்தைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மக்காவில் நபிகளை எதிர்த்தவர்களில் பலர் அந்தக் கிளையினர். 630இல் மக்கா வெற்றி கொள்ளப்படும் வரை எதிரணிக்குத் தலைமை வகித்த அபூ சுஃப்யான் அந்தக் கிளையின் பெரிய தலை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பணக்கார இளைஞர் புதிய மார்க்கத்துக்குப் போனதைக் குடும்பம் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சிற்றப்பா ஹகம் அவரைக் கட்டிப்போட்டார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. இந்த ஹகமின் பெயர் பிறகும் வரும்.

நபிகளின் மகள் ருகையாவை மணந்தார். மக்காவில் கொடுமை தாங்காமல் 615இல் அபிசீனியாவுக்குப் போன முதல் கூட்டத்தில் இந்தத் தம்பதியும் உண்டு. 624இல், பத்ரு வெற்றிச் செய்தி மதீனாவுக்கு வந்த நேரத்தில் ருகையாவின் அடக்கம் நடந்துகொண்டிருந்தது. அதன்பின் நபிகள் தம் இன்னொரு மகள் உம்மு குல்தூமை அவருக்கு மணமுடித்துக் கொடுத்தார்கள். அவரும் 630இல் இறந்தார். இரண்டு மகள்களை மணந்ததால் வந்த பட்டம்தான் 'துன்னூரைன்', இரு ஒளிகளை உடையவர். இன்னொரு அடைமொழி 'ஃகனீ', செல்வர் என்று பொருள். நம் ஊர்களில் 'உதுமான் கனி' என்று பெயர் வைத்திருக்கும் எத்தனையோ பேரின் பெயரில் உள்ள 'கனி' இந்த அரபுச் சொல்தான். அதைப் பழம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

அந்தச் செல்வத்தை அவர் கொடுத்த விதம்தான் அவருடைய பெயரை நிறுத்தியது. மதீனாவுக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு நல்ல குடிநீர் கிடைப்பது சிரமமாக இருந்தது. ரூமா என்ற கிணற்றுத் தண்ணீரை அதன் சொந்தக்காரர் விற்றுக்கொண்டிருந்தார். உஸ்மான் அந்தக் கிணற்றை விலைக்கு வாங்கி எல்லாருக்கும் பொதுவாக்கினார். 630இல், கடும் வெயிலும் பஞ்சமுமான நேரத்தில் தபூக்கை நோக்கிப் படை கிளம்பவேண்டியிருந்தது. உஸ்மான் 1,000 தீனாரைக் கொண்டுவந்து நபிகளின் மடியில் கொட்டினார். நபிகள் அந்தக் காசுகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, "இன்றைக்குப் பிறகு உஸ்மான் எது செய்தாலும் அவருக்குக் கேடில்லை" என்று இரண்டு முறை சொன்னதாகத் திர்மிதீ என்ற நபிமொழித் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. பிற்காலத்தில் அவருக்காக வாதாடியவர்கள் கையில் எடுத்த முதல் ஆயுதம் இந்த ஒரு வாக்கியம்.

கூச்ச சுபாவம் உள்ளவர் என்பதும் அவரைப் பற்றி மாறாமல் சொல்லப்படுவது. அபூபக்ரும் உமரும் உள்ளே வந்தபோது சாய்ந்தபடியே இருந்த நபிகள், உஸ்மான் வந்ததும் எழுந்து ஆடையைச் சரிசெய்துகொண்டார்கள். ஆயிஷா காரணம் கேட்டபோது, "வானவர்களே வெட்கப்படும் ஒருவரிடம் நான் வெட்கப்படவேண்டாமா?" என்றார்கள்.

கொடுப்பது, கூச்சம், சொந்தங்களிடம் பாசம், சண்டையை விரும்பாத மனம். இந்த நான்கையும் வைத்து அவருடைய பிற்கால வாழ்க்கையைப் பார்த்தால், பலர் சொல்வதுபோல் முதல் ஆறு ஆண்டுகளில் ஓர் உஸ்மான், கடைசி ஆறு ஆண்டுகளில் வேறொரு உஸ்மான் என்று இரண்டு பேரைத் தேடவேண்டியதில்லை. மனிதர் அவரேதான். இருந்த இடம் மாறிவிட்டது.

644 நவம்பரில் இரண்டாம் கலீஃபா உமர், தொழுகையில் நிற்கும்போது கத்தியால் குத்தப்பட்டார். மரணப் படுக்கையில் ஆறு பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தார்: அலீ, உஸ்மான், தல்ஹா, ஸுபைர், ஸஅது இப்னு அபீ வக்காஸ், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப். உங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்றார். அப்துர் ரஹ்மான் தாம் போட்டியில் இல்லை என்று ஒதுங்கிக்கொண்டு நடுவராக நின்றார். மூன்று நாள் மதீனாவில் வீடு வீடாகக் கருத்துக் கேட்டார். கடைசியில் அலீ, உஸ்மான் என்று இரண்டு பெயர் மிஞ்சின. இறைவேதம், நபிவழி, முந்தைய இரு கலீஃபாக்களின் நடைமுறை ஆகிய மூன்றின்படியும் நடப்பீரா என்று இருவரையும் கேட்டார். என் அறிவுக்கும் சக்திக்கும் எட்டியவரை என்றார் அலீ. ஆமாம் என்றார் உஸ்மான். ஒற்றைச் சொல்லில் வந்த பதிலுக்குப் பதவி போனது என்று வரலாற்று நூல்கள் இதைச் சொல்கின்றன. ஆனால் அதற்குள் இன்னொரு விஷயமும் இருக்கிறது. உமரின் பத்தாண்டுக் கால இறுக்கமான ஆட்சிக்குப் பிறகு, குறைஷிப் பெருந்தலைகளுக்கு இளகிய மனமுள்ள ஒருவர் வந்தால் தேவலாம் என்ற எண்ணம் இருந்ததை மறுப்பதற்கில்லை. அப்போது உஸ்மானுக்கு எழுபதை ஒட்டிய வயது.

முதல் சில ஆண்டுகள் நன்றாகவே போயின. வட ஆப்பிரிக்காவில் 647இல் பைசாந்தியத் தளபதி கிரிகோரி தோற்றார். கடலில் படை அனுப்ப உமர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. யாரையும் கட்டாயப்படுத்தாமல், விரும்பி வருபவர்களை மட்டும் கூட்டிப்போ என்ற நிபந்தனையோடு உஸ்மான் சம்மதித்தார். சிரியா ஆளுநர் முஆவியா 649இல் சைப்ரஸில் இறங்கினார். 651இல் பாரசீகத்தின் கடைசிச் சாசானிய மன்னர் மூன்றாம் யஸ்தகிர்து மர்வு அருகே கொல்லப்பட்டார். மதீனாவில் நபிகளின் பள்ளிவாசல் விரிவாக்கப்பட்டது. பேரீச்ச மரத் தூண்களும் மண் செங்கல்லுமாக இருந்ததைச் செதுக்கிய கல்லால் கட்டி, சுண்ணச்சாந்து பூசி, தேக்கு மரக் கூரை போட்டார் உஸ்மான். அந்தத் தேக்கு இந்தியாவிலிருந்து வரும் மரம் என்று புகாரிக்கு உரை எழுதிய இப்னு ஹஜர் குறிக்கிறார்.

ஆனால் உஸ்மானின் பெயர் இன்றுவரை ஒவ்வொரு முஸ்லிம் வீட்டிலும் இருப்பதற்குக் காரணம் இந்த வெற்றிகள் இல்லை. ஆர்மீனியா, அசர்பைஜான் போர்முனையில் சிரியாவின் வீரர்களும் இராக்கின் வீரர்களும் ஒன்றாக நின்று போரிட்டார்கள். தொழுகையில் குர்ஆன் ஓதும்போது இவர்கள் ஓதுவது அவர்களுக்குப் பிழையாகப் பட்டது, அவர்களுடையது இவர்களுக்கு. சிரியாக்காரர்கள் உபை இப்னு கஅபிடம் பாடம் கேட்டவர்கள் வழி, இராக்கின் கூஃபாக்காரர்கள் இப்னு மஸ்ஊதிடம் கேட்டவர்கள் வழி. பேச்சு முற்றி ஒருவரை ஒருவர் மறுப்பாளர் என்று சொல்லும் அளவுக்குப் போனது. அங்கிருந்த தோழர் ஹுதைஃபா பதறிப்போய் மதீனா வந்தார். யூதர்களும் கிறிஸ்தவர்களும் தங்கள் வேதங்களில் வேறுபட்டதுபோல் இந்தச் சமுதாயமும் வேறுபடுவதற்கு முன்னால் இதைப் பிடித்து நிறுத்துங்கள் என்றார் கலீஃபாவிடம்.

அபூபக்ர் காலத்தில் தொகுக்கப்பட்ட ஏடுகள் உமரின் மகளும் நபிகளின் மனைவியுமான ஹஃப்ஸாவிடம் இருந்தன. திருப்பித் தந்துவிடுகிறேன் என்று சொல்லி உஸ்மான் அவற்றை வாங்கினார். மதீனாவைச் சேர்ந்த ஸைது இப்னு தாபித் தலைமையில், குறைஷியர் மூவரையும் சேர்த்து நால்வர் குழு பிரதி எடுத்தது. உங்களுக்குள் கருத்து வேறுபட்டால் குறைஷியர் மொழியில் எழுதுங்கள், குர்ஆன் அவர்கள் மொழியில்தான் இறங்கியது என்பது உத்தரவு. அப்படி வேறுபட்ட இடமாகப் பதிவாகியிருப்பது ஒரே ஓர் எழுத்துதான்: பேழையைக் குறிக்கும் 'தாபூத்' என்ற சொல்லின் கடைசியில் 'த' வரவேண்டுமா, 'ஹ' வரவேண்டுமா என்பது. கலீஃபா வரை போய், குறைஷியர் வழக்கப்படி 'த' என்று முடிவானது. ஹஃப்ஸாவின் ஏடுகள் திரும்பிப் போயின. பிரதிகள் பெரிய நகரங்களுக்கு அனுப்பப்பட்டன. மற்ற ஏடுகள் அனைத்தையும் எரிக்கச் சொன்னார்.

எரித்ததுதான் பிரச்சினை ஆனது. நபிகளின் வாயிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களை நேரடியாகக் கற்ற இப்னு மஸ்ஊத் கூஃபாவில் இருந்தார். நான் ஓதக் கற்றபோது ஸைது தெருவில் விளையாடும் சிறுவன், அவனுடைய வேலைக்காக என் ஏட்டை நான் விடுவதா என்று கொதித்தார். 'ஏடுகளை எரித்தவர்' என்பது உஸ்மானின் எதிரிகள் சூட்டிய பட்டப் பெயராகவே ஆகிவிட்டது. இதற்குப் பதில் சொன்னவர்களில் அலீ முக்கியமானவர்: உஸ்மானைப் பற்றி நல்லதைத் தவிர வேறு எதுவும் பேசாதீர்கள், எங்கள் எல்லாரையும் கலந்துகொண்டுதான் அதைச் செய்தார் என்று அவர் சொன்னதாகப் பழைய ஹதீஸ் (நபிமொழி) ஆசிரியர்கள் பதிந்திருக்கிறார்கள். அரபுக் கல்லூரி மாணவர்கள் 'ரஸ்முல் உஸ்மானீ' என்று படிக்கும் குர்ஆனின் எழுத்தமைப்புக்குப் பெயர் வந்தது இதனால்தான். அவரைக் கலீஃபாவாகவே ஏற்காத ஷியாக்களின் வீட்டிலும் இருப்பது இந்த எழுத்தமைப்பின் வழிவந்த குர்ஆன்தான்.

சரி, எங்கே தவறியது? பழைய வரலாற்றாசிரியர்கள் ஒரு மோதிரத்தைக் காட்டுகிறார்கள். நபிகளின் முத்திரை மோதிரம் அபூபக்ர் கைக்கும், பிறகு உமர் கைக்கும் வந்து, உஸ்மானிடம் இருந்தது. ஹிஜ்ரி 30இல், மதீனாவின் அரீஸ் கிணற்றங்கரையில் உட்கார்ந்து அதைக் கழற்றி மாட்டி விளையாடிக்கொண்டிருந்தபோது நழுவிக் கிணற்றில் விழுந்தது. மூன்று நாள் தண்ணீர் முழுவதையும் இறைத்துப் பார்த்தும் கிடைக்கவில்லை. அங்கிருந்துதான் கெட்ட காலம் என்று எழுதினார்கள்.

எனக்கு மோதிரத்தைவிடப் பணப்பைதான் முக்கியமாகப் படுகிறது. கூஃபாவில் ஸஅதை நீக்கிவிட்டுத் தம் தாய்வழிச் சகோதரர் வலீதை ஆளுநராக்கினார். எகிப்தை வென்ற அம்ரு இப்னுல் ஆஸை நீக்கிவிட்டு, தம் பால்குடிச் சகோதரர் அப்துல்லாஹ் இப்னு ஸஅதை நியமித்தார். இராக்கின் இன்னொரு நகரமான பஸ்ராவுக்குத் தாய்மாமன் மகன். சிரியாவில் உமர் காலம் முதலே முஆவியா. அவரும் உமையாக் கிளை, இப்போது அதிகாரம் இன்னும் பெருத்தது. நபிகள் மதீனாவை விட்டு வெளியேற்றியிருந்த சிற்றப்பா ஹகம் திரும்ப அழைக்கப்பட்டார். அவர் மகன் மர்வான் கலீஃபாவின் எழுத்தர், காதருகே இருப்பவர். உறவினர்களுக்குப் பெரிய தொகைகளும் போயின. கேட்டபோது உஸ்மான் சொன்ன பதில் பல நூல்களில் உண்டு: உமர் தம் சொந்தங்களுக்குக் கொடுக்காமல் இருந்தது இறைவனுக்காக, நான் என் சொந்தங்களுக்குக் கொடுப்பதும் இறைவனுக்காக.

அதில் நடிப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சொந்தபந்தத்தை ஆதரிப்பது மார்க்கத்தில் புண்ணியம்தான். ரூமா கிணற்றை வாங்கிய அதே மனம்தான் இங்கும் பேசுகிறது. ஆனால் கிணறு வாங்கியது சொந்தத் துணிக்கடைப் பணத்தில். இங்கே பைத்துல் மால், ஊர்ப் பொதுப்பணம். இராக்கிலும் எகிப்திலும் ரத்தம் சிந்திச் சம்பாதித்த நிலத்தின் வருமானம் மதீனாவுக்குப் போய், அங்கிருந்து ஒரே குடும்பத்துக்குப் போகிறது என்று படைவீரர்கள் பேச ஆரம்பித்தபோது, தபூக்கில் 1,000 தீனார் கொடுத்தவர் என்ற பழைய நினைவு அவர்களுக்கு ஆறுதலாக இருக்கவில்லை. அவர்களில் பலர் தபூக்கின்போது பிறந்தேயிராதவர்கள், அல்லது முஸ்லிமாகியிராதவர்கள்.

வலீது விவகாரம் ஒன்று போதும் எடுத்துக்காட்டுக்கு. குடிபோதையில் அதிகாலைத் தொழுகை நடத்திவிட்டு, "இன்னும் கொஞ்சம் தொழவைக்கட்டுமா?" என்று கேட்டார் கூஃபா ஆளுநர். சாட்சிகள் மதீனா வந்தார்கள். உஸ்மான் தண்டனையை மறுக்கவில்லை. அலீயை அழைத்து நிறைவேற்றச் சொன்னார். அலீ தம் மகன் ஹசனிடம் சவுக்கை எடுக்கச் சொன்னபோது ஹசன், "இதன் குளிர்ச்சியை அனுபவித்தவர்களே இதன் சூட்டையும் தாங்கட்டும்" என்றார். மதீனாவின் மனநிலை முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. வேறொருவர் அடிக்க, அலீ எண்ண, நாற்பதில் நிறுத்தினார்கள். வலீது நீக்கப்பட்டார். அவர் இடத்துக்கு வந்தவரும் உமையாக் கிளைதான். அவரையும் கூஃபாக்காரர்கள் பிறகு ஊருக்குள் விட மறுத்துவிட்டார்கள்.

இவற்றோடு வழிபாட்டு விஷயங்களும் சேர்ந்தன. ஹஜ்ஜின்போது மினாவில் நபிகளும் முந்தைய இரு கலீஃபாக்களும் பயணிகள் என்ற முறையில் நான்கு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழுதார்கள். உஸ்மான் நான்காகவே தொழவைத்தார். இப்னு மஸ்ஊத் இதைக் கண்டித்தார்; ஆனால் தொழுகை என்று வந்தபோது அவர் பின்னால் நான்கே தொழுதார். கேட்டவர்களிடம், "பிளவு கெட்டது" என்றார். செல்வம் குவிப்பதைக் கடுமையாகச் சாடிவந்த நபித்தோழர் அபூதர் மதீனாவை விட்டு ரபதா என்ற பாலைவன ஊருக்குப் போய் அங்கேயே இறந்தார். அவர் விரும்பிப் போனாரா, கலீஃபா அனுப்பினாரா என்பதில் சுன்னி நூல்களும் ஷியா நூல்களும் இரண்டு கதை சொல்கின்றன.

656இல் எகிப்து, கூஃபா, பஸ்ராவிலிருந்து கூட்டங்கள் மதீனாவை வந்தடைந்தன. பேச்சுவார்த்தை நடந்தது, குறைகளைத் தீர்ப்பதாகக் கலீஃபா வாக்களித்தார், எகிப்துக்காரர்கள் ஊர் திரும்பினார்கள். வழியில் ஓர் ஆள் பிடிபட்டான். கலீஃபாவின் ஒட்டகம், கலீஃபாவின் முத்திரை, எகிப்து ஆளுநருக்குக் கடிதம்: இவர்கள் வந்ததும் தண்டித்துவிடு. கடிதத்தோடு கூட்டம் மதீனாவுக்கே திரும்பியது. நான் எழுதவில்லை, எழுதச் சொல்லவும் இல்லை, எனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்தார் உஸ்மான். சந்தேகம் மர்வான்மேல் விழுந்தது. நீங்கள் எழுதியிருந்தால் குற்றவாளி. உங்களுக்குத் தெரியாமல் உங்கள் முத்திரை போகிறது என்றால் பதவிக்குத் தகுதியில்லாதவர். எப்படியும் விலகுங்கள் என்றார்கள். கெட்டிக்காரத்தனமான வாதம்தான்.

உஸ்மான் விலக மறுத்தார். இறைவன் அணிவித்த சட்டையை நான் கழற்றமாட்டேன் என்றார். "அல்லாஹ் உமக்கு ஒரு சட்டையை அணிவிக்கக்கூடும், அதைக் கழற்றும்படி மக்கள் கேட்டால் கழற்றாதீர்" என்று நபிகள் அவரிடம் சொன்னதாக ஆயிஷா வழியே ஒரு ஹதீஸ் உண்டு. அதை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஒரு கலீஃபாவை நீக்குவதற்கு அன்றைக்கு எந்த ஏற்பாடும் கிடையாது. தேர்ந்தெடுக்க மூன்று விதமான முறைகளை மூன்று கலீஃபாக்களுக்குள் பார்த்துவிட்ட சமுதாயம், இறக்குவது எப்படி என்று யோசித்ததே இல்லை.

முற்றுகை வாரக்கணக்கில் நீண்டது. தண்ணீர் நிறுத்தப்பட்டது. உஸ்மான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, ரூமா கிணற்றை நான் என் பணத்தில் வாங்கிக் கொடுத்தது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார்கள். அந்தத் தண்ணீரையே எனக்குத் தடுத்து, உப்புத் தண்ணீரைக் குடிக்கவைக்கிறீர்களே என்றார். ஹசன், ஸுபைரின் மகன் அப்துல்லாஹ் உட்பட இளைஞர்கள் வாசலில் காவல் நின்றார்கள். எனக்காக யாரும் வாளெடுக்கவேண்டாம் என்று அவர்களைத் தடுத்தார். நபிகளின் ஊரில் முதல் ரத்தம் சிந்தவைத்த கலீஃபாவாக நான் இருக்கமாட்டேன் என்பது அவர் நிலை. ஹிஜ்ரி 35 துல்ஹஜ் 18, வெள்ளிக்கிழமை, நோன்போடு இருந்தார். இன்று எங்களோடு நோன்பு திறப்பீர் என்று நபிகள் கனவில் சொன்னதாகச் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டுச் சுவர் ஏறிக் குதித்து வந்தவர்கள், குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தவரை வெட்டினார்கள். தடுக்க வந்த மனைவி நாயிலாவின் விரல்கள் துண்டாயின. முதன்முதலில் உள்ளே போய்த் தாடியைப் பிடித்தவர் அபூபக்ரின் மகன் முஹம்மது. உன் தந்தை இருந்தால் இதைச் சகிக்கமாட்டார் என்று உஸ்மான் சொன்னதும் அவர் வெட்கி வெளியேறிவிட்டார் என்று ஓர் அறிவிப்பு.

இரவில், சிலர் மட்டும் கூடி, பொது மையவாடியான பகீஉக்கு வெளியே ஒரு தோட்டத்தில் அடக்கினார்கள். முஆவியா ஆட்சியில் அந்த இடம் மையவாடியோடு சேர்க்கப்பட்டது.

ரத்தம் தோய்ந்த சட்டையும் நாயிலாவின் விரல்களும் முஆவியா இருந்த திமிஷ்குக்கு (டமாஸ்கஸ்) போய்ச் சேர்ந்தன. முஆவியா அவற்றைப் பள்ளிவாசலில் தொங்கவிட்டார். பழிக்குப் பழி என்ற கோரிக்கை, அடுத்துக் கலீஃபாவான அலீயின் ஆட்சிக்கு எதிரான கொடியாக மாறியது. முஸ்லிம்கள் தங்களுக்குள் மோதிய ஜமல் போரும் ஸிஃப்பீன் போரும் அதன் விளைவுகள். ஒன்றைச் சாக்காகக் காட்டி வேறொன்றைச் சாதிக்கப் பார்ப்பவனைப் பற்றி 'உஸ்மானின் சட்டை' என்று அரபியில் இன்றும் சொல்வார்கள்.

இனி அவருடைய மார்க்க மதிப்பு. அது முதல் நாளிலிருந்தே இன்றைய வடிவில் இருந்தது என்று நினைப்பது தவறு. பின்னாளில் அலீயின் அணியிலிருந்து பிரிந்துபோன காரிஜியாக்கள் முதல் ஆறு ஆண்டுகளை ஏற்றுப் பின்பகுதியை நிராகரித்தார்கள். ஓமானில் இன்று பெரிய அளவில் உள்ள இபாழிய்யாக்களின் பழைய நூல்களிலும் அந்தப் பார்வையின் சாயல் உண்டு. ஷியாக்களுக்குக் கலீஃபா பதவி அலீக்கு உரியது. முந்தைய மூவரும் அதை எடுத்துக்கொண்டவர்கள். நபிகள் அலீயைத் தமக்குப் பின் தலைவராக அறிவித்த நாள் என்று அவர்கள் கொண்டாடும் கதீர் பெருநாளும் துல்ஹஜ் 18தான். ஒரே தேதி ஒரு சாராருக்குப் பெருநாள், இன்னொரு சாராருக்குத் தங்கள் கலீஃபா கொல்லப்பட்ட நாள். முர்ஜியாக்கள் என்று அழைக்கப்பட்டவர்களோ, அபூபக்ரையும் உமரையும் ஏற்கிறோம், அதற்கப்புறம் நடந்த சண்டையின் தீர்ப்பை இறைவனிடம் விட்டுவிடுகிறோம் என்றார்கள். அந்தக் கருத்தில் வந்த மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று அலீயின் பேரர் ஒருவர் பெயரில் இருப்பது சுவையானது.

சுன்னிகளுக்குள்ளும் ஒரே குரல் இல்லை. கூஃபாவின் அறிஞர்கள் பலர் அலீயை உஸ்மானுக்கு மேலே வைத்தார்கள். மறுபக்கம் உஸ்மான் ஆதரவாளர்கள் சிலருக்கு அலீயை நான்காம் கலீஃபாவாகச் சேர்க்கவே மனம் வரவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் அஹ்மது இப்னு ஹன்பல் போன்றவர்கள் நால்வரையும் வரிசையாக ஏற்கவேண்டும் என்று நிலைநிறுத்திய பிறகுதான், கலீஃபாக்களாக வந்த வரிசையே சிறப்பின் வரிசை என்ற கொள்கை இறுகியது. இமாம் அபூ ஹனீஃபா பெயரில் வரும் ஒரு கூற்று இந்த இடைக்காலத்தின் நிதானத்தை நன்றாகக் காட்டும்: அஹ்லுஸ் சுன்னாவின் (சுன்னிகளின்) அடையாளம் என்ன என்று கேட்டதற்கு, இரு பெரியவர்களை மேலாக வைப்பது, இரு மருமகன்களை நேசிப்பது என்றாராம். பெரியவர்கள் அபூபக்ரும் உமரும். மருமகன்கள் உஸ்மானும் அலீயும். மருமகன்களில் யார் உயர்ந்தவர் என்ற பேச்சை எடுக்கவேயில்லை.

இன்னொரு விளக்கம் நம் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) மேடைகளில் அதிகம் கேட்கும்: எல்லாவற்றுக்கும் காரணம் அப்துல்லாஹ் இப்னு ஸபா என்ற யூதரின் சதி. பழைய வரலாற்றாசிரியர் தபரீயின் நூலில் இது ஸைஃப் இப்னு உமர் என்ற ஒரே அறிவிப்பாளர் வழியாக விரிவாக வருகிறது. ஹதீஸ் கலையின் ஆய்வாளர்கள் ஸைஃபைப் பலவீனமானவர் என்று தள்ளியிருக்கிறார்கள். தொழுகை பற்றிய ஹதீஸ் என்றால் ஏற்கமாட்டோம் என்று சொல்லும் அறிவிப்பாளரிடமிருந்து ஒரு கலகத்தின் முழுக் கதையையும் வாங்கிக்கொள்வது எனக்கு விளங்கவில்லை. கூஃபாவில் ஆளுநர் குடித்துவிட்டுத் தொழவைத்ததைச் சொல்ல ஸபாவின் மகன் தேவையில்லை, அது இமாம் முஸ்லிமின் ஹதீஸ் தொகுப்பிலேயே இருக்கிறது. நபித்தோழர்கள் ஒருவரோடொருவர் மோதினார்கள் என்று சொல்லக் கூசும் மனத்துக்கு, வெளியாள் ஒருவர் கிடைத்தால் நிம்மதி. அவ்வளவுதான்.

கடைசியில் சுன்னி மரபு கண்ட வழி, மனிதரையும் நிர்வாகத்தையும் தனித்தனியாகப் பார்ப்பது. சொர்க்கத்து நற்செய்தி பெற்ற பத்துப் பேரில் ஒருவர் அவர்; அநியாயமாகக் கொல்லப்பட்ட தியாகி; இதில் விவாதமில்லை. ஆனால் அவர் செய்த ஒவ்வொரு நியமனமும் சரியா என்றால், அது ஆய்வுக்குரியது, இஜ்திஹாது, அதாவது அவரே ஆராய்ந்து எடுத்த முடிவு, அதில் அவர் தவறியிருக்கலாம். இப்படிச் சொல்ல இடம் இருப்பதால்தான் மினாவில் எத்தனை ரக்அத் என்பதில் சட்ட அறிஞர்கள் அவருக்கு மாற்றமான கருத்தை எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதினார்கள்.

அந்த வழக்கு இன்னும் முடியவில்லை என்பதை வெள்ளிக்கிழமை தோறும் தமிழ்நாட்டில் கேட்கலாம். நபிகள் காலத்திலும் அடுத்த இருவர் காலத்திலும் ஜும்ஆ என்ற வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு இமாம் மிம்பரில் (உரை மேடையில்) அமர்ந்ததும் சொல்லும் ஒரு பாங்குதான் (தொழுகை அழைப்பு). மதீனாவில் ஜனம் பெருகியதும், கடைத்தெருவில் இருந்த ஸவ்ரா என்ற இடத்தில் முன்கூட்டியே இன்னொரு பாங்கு சொல்லவைத்தவர் உஸ்மான். வியாபாரிக்குத்தான் தெரியும், கடையைக் கட்டிவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று. சுன்னத் ஜமாஅத் பள்ளிகளில் இன்றும் இரண்டு பாங்கு. நேர்வழி பெற்ற கலீஃபாவின் வழக்கம் நமக்கும் வழி என்கிறார்கள். தவ்ஹீத் பள்ளிகளில் ஒன்றுதான். நபிகள் செய்தது போதும் என்கிறார்கள். ஒரே தெருவில் இரண்டு பள்ளிகளும் இருந்தால், ஒன்றில் முதல் பாங்கு கேட்டு ஆட்கள் கிளம்பும் நேரத்தில் மற்றதில் ஒலிபெருக்கி அமைதியாக இருக்கும்.

புகாரியில் இன்னொரு காட்சி உண்டு. பின்னாளில் மோதிரம் விழப்போகும் அதே அரீஸ் கிணறு. நபிகள் அதன் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கிறார்கள். அபூமூசா வாசலில் காவல். அபூபக்ர் வருகிறார், சொர்க்கத்தின் நற்செய்தி சொல்லப்படுகிறது, நபிகளின் ஒரு பக்கம் அமர்கிறார். உமர் வருகிறார், அதே செய்தி, மறுபக்கம் அமர்கிறார். உஸ்மான் வருகிறார். அவருக்கும் சொர்க்கம் உண்டு, ஆனால் அவரை வந்தடையப்போகும் ஒரு சோதனையோடு என்று சொல்லச் சொல்கிறார்கள். அந்தப் பக்கத்து விளிம்பில் இடம் நிரம்பிவிட்டதால் அவர் சுற்றிப் போய் எதிர்ப்பக்கத்தில் உட்காருகிறார். இதை அறிவித்த ஸயீது இப்னுல் முஸையிப், அவர்களுடைய கப்ருகளின் (அடக்கத்தலங்களின்) அமைப்பு இதில் எனக்குத் தெரிந்தது என்பார். நபிகள், அபூபக்ர், உமர் மூவரும் பள்ளிவாசலை ஒட்டிய அறையில் ஒன்றாக இருக்கிறார்கள். உஸ்மான் பகீஉவின் ஓரத்தில் தனியாக.